வெயில் பெட்டியில் அவிந்த மீன்

நான் வேலை செய்த அரசாங்கக் கந்தோரில் எனக்குப் பிறகு என் மேசைக்கு வந்த கஜன் தம்பி போன மாதம் போன் எடுத்தார். வெளிநாட்டிலிருந்து புதிதாக உலர்த்தும் இயந்திரங்கள் வந்திருக்கின்றனவாம். மின்சாரத்தில் வேலை செய்பவை. செருகிவிட்டுப் பொத்தானை அழுத்தினால் போதும்.

"அண்ணை, பழைய பைலுகளை எல்லாம் பிரிச்சு அடுக்கிறம். அதுக்குள்ள நீங்கள் கீறின படங்கள் கனக்கக் கிடக்கு. கறுப்புத் தகரம், உமி, கண்ணாடி எண்டு எழுதிக் கிடக்கு. எறியவும் மனம் வரேல்ல, வைக்கிறதுக்கு விளக்கமும் இல்ல. உதுகள் என்னெண்டு ஒருக்கா எழுதித் தாங்கோவன்" என்றார்.

அந்தப் பெட்டிக்கு ஆங்கிலத்தில் நீளமான ஒரு பெயர் இருந்தது. பைலில் அதைத்தான் எழுதுவோம். ஊரில் அதை யாரும் சொல்லிப் பார்க்கவில்லை. எல்லோரும் வெயில் பெட்டி என்றார்கள். வெயிலில் சூடான காற்றைப் பிடித்து ஒரு கொட்டிலுக்குள் அனுப்பும் பெட்டி. அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவு எனக்கு விளங்குவதற்கு ஒரு வள்ளத்து மீன் அவிய வேண்டியிருந்தது.

நான் கண்டாவளைக்காரன். வீட்டில் எல்லோரும் வயலோடு நின்றார்கள். எனக்கு இரும்பில்தான் விருப்பம். ஒட்டு வேலை படித்தேன். படித்த பட்டறை சண்டைக்காலத்து இடம்பெயர்வு ஒன்றில் போனது, அடுத்த பட்டறை இன்னொன்றில் போனது. மீளக் குடியேறிய பிறகு கிளிநொச்சியில் ஒரு திணைக்களத்தில் தொழில்நுட்ப உதவியாளர் வேலை கிடைத்தது. நாற்பது கடந்தவனுக்கு அரசாங்க வேலை கிடைத்ததே பெரிய காரியம். முதல் இரண்டு வருடமும் தண்ணீர் பம்பி திருத்தியதோடு போனது. பிறகுதான் சுகந்தி மிஸ் மாற்றலாகி வந்தார்.

சுகந்தி மிஸ் பொறியியலாளர். என்னைவிடப் பத்து வயது இளையவர். கடிதத்தில் என்னைத் 'திரு' போட்டு எழுதுவார், வாயால் 'அண்ணை' என்பார். அவருடைய கைப்பைக்குள் எப்போதும் நாலு சாமான் இருக்கும்: அளவு நாடா, ஒரு கட்டு ஊதுபத்தி, தீப்பெட்டி, வெள்ளைத் துணியில் ஒரு பழைய கைக்குட்டை. ஊதுபத்தியைப் பார்த்துவிட்டு, மிஸ் நல்ல பக்திக்காரி என்று கந்தோரில் கதைத்தார்கள். நானும் நம்பினேன்.

அவர் ஒருபோதும் 'பிழை' என்று சொல்லமாட்டார். பிழையைக் கண்டால் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு, "அண்ணை, இதில காத்து எங்கால வந்து எங்கால போகுது?" என்று கேட்பார். அந்தக் கேள்வி வந்தால் கழற்றிப் பூட்ட வேண்டியதுதான் என்று எனக்குத் தெரியும். மேலதிகாரிகள் சத்தம் போட்டுப் பார்த்தவன் நான். சத்தத்துக்குப் பழகிவிடலாம். இந்தக் கேள்விக்குக் கடைசிவரை பழகவில்லை.

முதல் பெட்டியை ஒட்டுசுட்டானில் தம்பையா அண்ணை என்ற விவசாயிக்குச் செய்தோம். அவர் விதைக்கென்று நிலக்கடலை வைப்பவர். தை மாதத்தில் பிடுங்குவார். அந்த நேரம் காலையில் பனி, பின்னேரத்தில் தூறல். பழைய நெல்லுக் கொட்டிலுக்குள் பரப்பி வைத்தால் இரண்டு கிழமையில் பச்சையாகப் பூஞ்சணம் பிடித்துவிடும். கொட்டிலைச் சூடாக்கினால் தப்பலாம் என்றார் மிஸ்.

செய்த விதத்தை இங்கே எழுதிவிடுகிறேன், கஜனுக்கு உதவும். எட்டடி நீளம், நாலடி அகலத்தில் பலகையால் ஒரு ஆழமில்லாத பெட்டி. அடியில் நாலு விரல் உயரத்துக்கு உமி. ஆலையில் சும்மா அள்ளலாம். ஒரு நாள் வெயிலில் காயவிட்டுத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் பூச்சி வரும். உமிக்கு மேல் தகரம். தகரத்துக்கு எங்கும் அலையத் தேவையில்லை. குடியேறின காலத்தில் தற்காலிக வீட்டுக்கென்று கொடுத்த தகரங்கள், கல்வீடு வந்த பிறகு ஒவ்வொரு வளவிலும் வேலியோரம் சாத்திக் கிடந்தன. தகரத்துக்கு, இரும்புக் கதவுக்குப் பூசும் கறுப்பு மை. அதற்கு மேல் நாலு விரல் இடைவெளி விட்டுக் கண்ணாடி. கண்ணாடி ஓரங்களில் காற்றுப் போகாமல் பழைய சைக்கிள் ரியூப்பைக் கீறி ஒட்டினேன். பெட்டியைக் கொட்டிலின் தெற்குச் சுவரில் சாய்த்து வைக்க வேண்டும், மாரியில் வெயில் அந்தப் பக்கம்தான் சரியும். கீழ்ப்பக்கத்தில் ஒரு வாய், அதற்கு எலி புகாத வலை. மேற்பக்கம் சுவருக்குள் போகும். குளிர்ந்த காற்று கீழே புகுந்து, தகரத்தில் சூடாகி, தானாக மேலேறிக் கொட்டிலுக்குள் போகும். மோட்டரும் இல்லை, கரண்டும் இல்லை.

நான் தகரத்துக்குப் பளபளவென்று கறுப்பு மை பூசியிருந்தேன். பார்க்க மிக அழகு. மிஸ் வந்து குனிந்து பார்த்தார். "அண்ணை, இதுக்குள்ள என்ர முகம் வடிவாத் தெரியுது" என்றார். புகழ்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. முகம் தெரிகிறது என்றால் வெயிலும் திரும்பிப் போகிறது என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அடுப்புக் கரியை இடித்து, துணியில் அரித்து, மையோடு கலந்து இன்னொரு தடவை பூசினேன். அழகு போனது. கை வைத்தால் சுட்டது.

பிறகு அவர் ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்தினார். தம்பையா அண்ணை கும்பிடுவதா விடுவதா என்று தெரியாமல் தலைத்துண்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மிஸ் அந்தப் புகையைக் கீழ் வாயடியில் பிடித்தார். புகை வளைந்து உள்ளே போனது. "காத்து உள்ளுக்குப் போகுது" என்றார். கண்ணாடி ஓரங்களில் ஒவ்வொரு அங்குலமாகப் பிடித்துக்கொண்டு போனார். இரண்டு இடத்தில் புகை ஆடியது. அந்த இரண்டு இடத்திலும் ரியூப் சரியாக ஒட்டவில்லை. கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து கொட்டிலுக்குள் தொங்கவிட்டு, மணிக்கூட்டைப் பார்த்தபடி பலா மரத்தடியில் இருந்தார். கைக்குட்டை காய எடுத்த நேரத்தை எழுதினார். கந்தோரில் ஊதுபத்திக் கதையைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை.

அந்த முறை தம்பையா அண்ணையின் கடலையில் ஒரு பருப்புக்கூடப் பூஞ்சணம் பிடிக்கவில்லை. ஆட்கள் வந்து பார்த்தார்கள். ஒரு யானையும் வந்து பார்த்தது. பெட்டியைப் புரட்டிக் கண்ணாடியை உடைத்துவிட்டு, உமிக்குள் நெல் இல்லை என்று கண்டு போய்விட்டது. "அதுவும் சோதிச்சுப் பாத்திட்டுது அண்ணை, இனிப் பயமில்ல" என்றார் தம்பையா அண்ணை. நான் அதைத் திருத்தி, இன்னும் சில இடங்களில் செய்து கொடுத்தேன். துணுக்காயிலிருந்துகூட ஆட்கள் என் பெயரைச் சொல்லித் தேடி வந்தார்கள். 'வெயில் பெட்டி அண்ணை' என்றார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு அது தலைக்கு ஏறிவிட்டது.

அப்படி இருக்கும்போதுதான் முல்லைத்தீவுக் கரையிலிருந்து பிலோமினா அக்காவின் கடிதம் வந்தது.

பிலோமினா அக்காவுக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். கணவர் அந்தோனி அண்ணை கடற்தொழில். அக்காவோடு சேர்ந்து ஏழு பெண்கள் கருவாடு போட்டார்கள். வெயில் காலத்தில் அவர்களுடைய கருவாட்டுக்கு வவுனியாவரை பெயர். மாரி தொடங்கினால் எல்லாம் நின்றுவிடும். மழைக்கு இடையில் நாலு நாள் வெயில் வந்தாலும் மணலில் ஈரம், ஈ, புழு. காய்ந்ததை வைத்த அறைக்குள்ளும் ஈரம் ஏறி மேலே வெள்ளை பூத்துவிடும். அந்த மாதங்களில் ஏழு பேரும் வீட்டோடு இருப்பார்கள். அவர்களில் மூன்று பேருக்கு உழைக்க வேறு ஆள் இல்லை.

நாங்கள் போய்ப் பார்த்தபோது அக்கா எங்களை வீட்டுக்குப் பின்னாலிருந்த ஒரு சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கல்லுச் சுவர், தகரக் கூரை, நிலமட்டத்திலிருந்து முழங்கால் உயரத்துக்கு எழுப்பிய தரை.

"குடியேறி வந்து மூண்டு வருசம் இதுக்குள்ளதான் அஞ்சு பேரும் படுத்தனாங்கள். இப்ப கருவாடு படுக்குது" என்றார். பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மிஸ், கோவிக்காதேங்கோ. பேர் எழுதின போட் நட்டு, படம் எடுத்துக்கொண்டு போன ஆக்கள் கனபேர். நீங்களும் அப்பிடியெண்டால் இப்பவே சொல்லிப்போடுங்கோ. நான் மற்ற ஆறு பேருக்கும் பதில் சொல்ல வேணும்."

"நாங்கள் போட் ஒண்டும் நட மாட்டம் அக்கா. மீன் காயுற வரைக்கும் வருவம்" என்றார் மிஸ்.

மிஸ் அன்றே அளந்து படம் கீறினார். தெற்குச் சுவரில் இரண்டு பெட்டி. பெட்டியிலிருந்து காற்று அறைக்குள் வரும் வழி, சுவர் நீளத்துக்கு ஒரு கல்லு உயரத்தில் நீண்ட வாய். எதிர்ச் சுவரில், கூரைக்குக் கீழே, ஈரக்காற்று வெளியே போக ஒரு அடிச் சதுரத்தில் தகரப் புகைபோக்கி. அதுவும் கறுப்பு, ஆறடி உயரம். படத்தை என்னிடம் தந்துவிட்டு அவர் இரண்டு கிழமைப் பயிற்சிக்காகக் கொழும்புக்குப் போனார்.

நான் படத்தைப் பார்த்தேன். இவ்வளவு பெரிய ஓட்டைகளை வைத்தால் பிடித்த சூடெல்லாம் வெளியே போய்விடுமே என்று எனக்குப் பட்டது. மிஸ் பாவம், படித்த கணக்கில் கீறியிருக்கிறார். ஒட்டுசுட்டானில் கைவேலை செய்தவன் நான் என்று நினைத்தேன். நீண்ட வாய்க்குப் பதிலாகச் சுவரில் ஒரேயொரு கல்லைக் கழற்றினேன். அதற்கும் இழுத்து மூடும் தகரக் கதவு ஒன்று செய்தேன். பாதி மூடியே வைத்தேன். புகைபோக்கிக்குப் பதிலாகக் கந்தோர் களஞ்சியத்தில் கிடந்த நாலு அங்குலக் குழாய் ஒன்றைச் செருகினேன். உள்ளே போய் நின்று பார்த்தேன். வியர்த்துக் கொட்டியது. எனக்கு நல்ல சந்தோசம்.

பிலோமினா அக்கா வாசலில் நின்று உள்ளே முகத்தை நீட்டினார். "தம்பி, நாங்கள் இருக்கேக்கையே மத்தியானத்தில இதுக்குள்ள மனிசர் அவியிறது. இந்த அறைக்குச் சூடு காணாதெண்டே பெட்டி பூட்டுறியள்?"

"அக்கா, காயுறதுக்குச் சூடுதான் வேணும்" என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் காது சுடும்.

தை பிறந்து மழை கொஞ்சம் விட்டது. அந்தோனி அண்ணையின் வள்ளத்துக்குப் பாரையும் கட்டாவும் நன்றாகப் பட்டன. ஏழு பெண்களும் கீறி, கழுவி, உப்பிட்டு வைத்தார்கள். அடுத்த நாள் காலை தட்டுத் தட்டாக அறைக்குள் அடுக்கினோம். அன்றைக்கென்று வானத்தில் ஒரு முகில் இல்லை. நான் கதவைச் சாத்திவிட்டு, பின்னேரம் வரை திறக்க வேண்டாம் என்று சொல்லி, கடற்கரைப் பக்கம் நடக்கப் போனேன்.

திரும்பி வரும்போது மணி இரண்டிருக்கும். வளவுக்குள் வரும்போதே வாசம் வந்தது. கருவாட்டு வாசம் அல்ல. சமையல் நடக்கும் குசினி வாசம். பெண்கள் ஏழு பேரும் அறை வாசலில் நின்றார்கள். அக்கா கதவைத் திறந்திருந்தார். உள்ளிருந்து ஆவி வந்தது. சுவரெல்லாம் வியர்த்து ஒழுகியது. நான் ஒரு பாரைத் துண்டைத் தட்டிலிருந்து தூக்கினேன். முள்ளு மட்டும் என் கையோடு வந்தது. சதை வெள்ளை வெளேரென்று உதிர்ந்து தட்டிலேயே கிடந்தது.

ஒரு வள்ளத்து மீன். கீழ்த் தட்டிலிருந்து மேல் தட்டு வரை அவிந்திருந்தது.

ஒரு பெண் மெல்ல அழத் தொடங்கினார். வேறொருவர் தன் கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அந்தோனி அண்ணை வேலிக்கு அப்பால் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தி ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பவும் வலைக்குள் குனிந்தார். ஏதாவது பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

முற்றத்துக்கு வந்து மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். அவர் அன்றுதான் கொழும்பிலிருந்து திரும்பியிருந்தார். நடந்ததைச் சொன்னேன். ஓட்டைகளைக் குறைத்ததை மட்டும் சொல்லவில்லை, வாய் வரவில்லை.

"ஆருக்கும் ஒண்டும் இல்லத்தானே?" என்று கேட்டார்.

"இல்லை மிஸ்."

"அப்ப சரி. ஒண்டையும் கழட்டாதேங்கோ. அப்பிடியே விடுங்கோ. நாளைக்கு வாறன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பிலோமினா அக்கா குசினி வாசலில் நின்றார். "தம்பி, வந்து இருங்கோ" என்றார். கதிரையில் இருந்தேன். ஒரு கோப்பையில் சோறு, பக்கத்தில் அந்த மீன். தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் சேர்த்து வறை வறுத்திருந்தார்.

"எனக்குப் பசிக்கேல்ல அக்கா."

"பசிக்காட்டியும் சாப்பிடுங்கோ. நீங்கள் அவிச்ச மீன்தானே. நாங்கள் ஏழு வீட்டுக்காரர் நாலு நாளைக்கு இதைத்தான் தின்னப்போறம். நீங்கள் ஒரு நேரம் தின்னக் கூடாதே?"

சாப்பிட்டேன். அக்கா எதிரே மர வாங்கில் இருந்து, கோப்பை வெறுமையாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தேத்தண்ணி தந்தார். திட்டவில்லை.

அடுத்த நாள் காலை மிஸ் வந்தார். பெட்டிப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே பெண்களிடம் போனார். முதல்நாள் வாளியோடு போனவரையும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். "எங்கட வேலையால உங்கட மீன் பழுதாப் போச்சு. அதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். அதிகாரி ஒருவர் அப்படிச் சொல்லி அந்தப் பெண்கள் கேட்டிருக்க மாட்டார்கள், நானும் கேட்டதில்லை. பிறகு மணலில் அவர்களோடு சம்மணமிட்டு இருந்தார்.

"எனக்கு ஒண்டு சொல்லித் தாங்கோ. வருசத்தில எந்த நாளில கருவாடு நல்லாக் காயும்? வெயில் கடுமையா எறிக்கிற நாளிலயோ?"

பிலோமினா அக்கா தலையை ஆட்டினார். "இல்ல மிஸ். வெயில் எறிச்சுக் காத்து இல்லாட்டி மேலால காயும், உள்ளுக்குப் பச்சை. சில நேரம் நாறியும் போகும். கச்சான் காத்து அடிக்கிற நாள்தான் நாள். அது மேற்கால வாற வறண்ட காத்து. வெயில் மங்கலா இருந்தாலும் ஒரு பகலில சுக்காக் காயும்."

"அப்ப மீனைக் காய வைக்கிறது என்ன?"

"காத்துத்தான். வெயில் காத்தைச் சூடாக்கிறதுக்கு மட்டும்."

மிஸ் என் பக்கம் திரும்பவில்லை. எழும்பிப் போய் ஊதுபத்தியைக் கொளுத்தினார். கீழ் வாயில் பிடித்தார். வெயில் நன்றாக எறித்துக்கொண்டிருந்தது. புகை உள்ளே போகவில்லை. நேரே மேலே போனது. அறைக்குள் போய் என் தகரக் கதவடியில் பிடித்தார். புகை அசையாமல் நின்றது. குழாயடியில் பிடித்தார். அங்கும் அப்படித்தான். பிறகு அளவு நாடாவை எடுத்து ஓட்டையை அளந்தார். குழாயை அளந்தார். தன்னுடைய படத்தை விரித்துப் பார்த்தார். அதை மடித்துப் பைக்குள் வைத்தார்.

அவர் அந்த வழமையான கேள்வியைக் கேட்பார் என்று காத்துக்கொண்டு நின்றேன். கேட்கவில்லை. பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அதனால்தான் கேட்கவில்லை என்று விளங்கியது. என்னை அவர்களுக்கு முன்னால் விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை. அது திட்டியதைவிடக் கடுமையாக இருந்தது.

"மிஸ் கீறின படம் சரி" என்றேன், பெண்களைப் பார்த்து. "படத்தில பெரிய வாய் இருந்தது. நான்தான் குறைச்சனான். சூடு போயிடும் எண்டு நினைச்சு மூடினனான். ஈரம் போக வழியில்லாமல் மீன் அவிஞ்சுது. பிழை என்ர."

பிலோமினா அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"அப்ப பெட்டியில பிழையில்ல, உங்களிலதான் பிழை" என்றார். "நல்லது. பெட்டியெண்டால் எங்களுக்குத் திருத்தத் தெரியாது. ஆம்பிளையளெண்டால் திருத்திப் பழக்கம்."

முதல்நாள் அழுத பெண்ணுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேலிக்கு அப்பாலிருந்து அந்தோனி அண்ணை இருமினார்.

அடுத்த இரண்டு நாளும் நான் வேலை செய்தது போல முப்பது வருடத்தில் வேறெப்போதும் செய்யவில்லை. சுவரில் நீள வாய் வெட்டினேன். தகரக் கதவைக் கழற்றி எறிந்தேன். ஒரு அடிச் சதுரப் புகைபோக்கி செய்து, கரி மை பூசி, கூரைக்கு மேலே நிமிர்த்தினேன். கீழ் வாயையும் இரண்டு மடங்கு பெரிதாக்கினேன். எல்லாம் முடிந்ததும் மிஸ் ஊதுபத்தியை என் கையில் தந்தார். நானே பிடித்தேன். கீழ் வாயில் வைத்ததும் யாரோ உறிஞ்சியது போலப் புகை உள்ளே இழுபட்டது. அறைக்குள் நின்றேன். முன்பு போல வியர்க்கவில்லை, முகத்தில் இளஞ்சூடாகக் காற்றுப் பட்டது. பிலோமினா அக்கா உள்ளே வந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "ஓம், இது காத்து" என்றார். மிஸ்ஸின் கைக்குட்டையும் ஒரு வெறுந்தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் காய்ந்துவிட்டது.

ஆனால் மீன் யார் தருவார்? பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் திரும்பிப் போக ஆயத்தமாகும்போது அந்தோனி அண்ணை ஒரு கூடை மீனைத் தூக்கிக்கொண்டு வந்து அறை வாசலில் வைத்தார். அதுவரை என்னோடு ஒரு சொல்லும் பேசாத மனிதர்.

"காய்ஞ்சால் கருவாடு. அவிஞ்சால் மனிசிக்குச் சமைக்கிற வேலை மிச்சம்" என்றார்.

மூன்று நாள் எடுத்தது. நடுவில் அரை நாள் தூறியது. வெயில் போனால் கீழ் வாய்க்குச் சாக்குப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஈரக்காற்று ஏறிவிடும். வெயில் வந்ததும் சாக்கை எடுக்க வேண்டும். அதைப் பெண்கள் முறை வைத்துப் பார்த்தார்கள். நான் மூன்று நாளும் பக்கத்து ஊரில் ஒரு சினேகிதன் வீட்டில் தங்கி, விடிந்ததும் வந்துவிடுவேன். கடைசி நாள் மத்தியானம் மிஸ்ஸும் வந்து நிற்க, அக்கா ஒரு கட்டாத் துண்டை எடுத்து வளைத்தார். உடையாமல் விறைத்து நின்றது. மூக்கில் வைத்தார். விரலால் உப்பைத் தட்டிப் பார்த்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மணல் இல்ல. ஈ இல்ல. நல்லாக் காய்ஞ்சிருக்கு" என்றார். என் மூச்சு வருவதற்குள், "ஆனா கச்சான் காத்தில காயுற ருசி இதுக்கு வராது. அதையும் எழுதுங்கோ மிஸ்" என்றார்.

மிஸ் அதை அப்படியே, ஒரு சொல்லும் மாற்றாமல், அறிக்கையில் எழுதினார். அனுப்புவதற்கு முன்பு என்னைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். முதல் தடவை மீன் பழுதான இடத்தில், மேற்பார்வை போதாமையே காரணம் என்றும், பொறுப்பு தன்னுடையது என்றும் எழுதியிருந்தது. என் பெயர் எங்கும் இல்லை.

"மிஸ், இது சரியில்லை. நான் செய்த பிழை" என்றேன்.

"நான் இல்லாத நேரத்தில நடக்கிற வேலைக்கும் நான்தான் பொறுப்பு அண்ணை" என்றார். "நீங்கள் அந்த ஆக்களுக்கு முன்னால சொன்னீங்கள்தானே. அது காணும். பைலுக்கும் சொல்லத் தேவையில்லை."

கையெழுத்து வைத்துவிட்டு அடுத்த பைலை இழுத்தார். அதற்குப் பிறகு ஆறு வருடம் அவருக்குக் கீழே வேலை செய்தேன். அந்தக் கதையை அவர் ஒருநாளும் எடுக்கவில்லை. இப்போது தெற்கில் எங்கோ பெரிய பதவியில் இருக்கிறார். தைப்பொங்கலுக்குப் போன் எடுத்தால், "அண்ணை, காத்து எப்பிடி?" என்றுதான் தொடங்குவார்.

கரையோரத்தில் பிறகும் சில பெட்டிகள் செய்தேன். கண்ணாடி உப்புப் பிடித்து மங்கும், தகரம் துருப்பிடிக்கும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மை பூச வேண்டும். சில இடங்களில் கைவிட்டுவிட்டார்கள். பிலோமினா அக்காவின் ஏழு பேரும் கைவிடவில்லை. மாரியில் அவர்கள் வீட்டோடு இருக்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். அக்கா இறந்தபோது போய் வந்தேன். அதற்கடுத்த வருடம் நானும் பென்சன் எடுத்துவிட்டேன்.

இந்த வருடம் தை மாதம், என் மகள் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தடிக்குப் போயிருந்தேன். அது பிலோமினா அக்காவின் ஊரிலிருந்து வெகுதூரம். நான் வேலை செய்த காலத்தில் ஒருநாளும் போகாத கரை. பின்னேரம் நடந்துகொண்டு போகும்போது ஒரு வளவுக்குள் கறுப்புப் புகைபோக்கி ஒன்று தெரிந்தது. நின்று பார்த்தேன். வெயில் பெட்டி. நான் செய்ததல்ல. கண்ணாடிக்குப் பதிலாகத் தடித்த பொலித்தீன் அடித்திருந்தார்கள். புகைபோக்கி நாங்கள் வைத்ததைவிட இன்னும் அகலம்.

ஒரு இளம் பெண் முற்றத்தில் மீன் கீறிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டு உள்ளே போனேன். கருவாடு வாங்க வந்த ஆள் என்று நினைத்து அறையைத் திறந்து காட்டினாள். சுவரோரம் அந்த நீள வாய். பழக்கத்தில் குனிந்து, காற்று வருகிறதா என்று இரண்டு கையையும் விரித்து வாயை மறைத்துப் பிடித்தேன்.

"ஐயோ, மூடாதேங்கோ ஐயா!" என்று ஓடி வந்தாள். "உந்த வாயை மட்டும் மூடக் கூடாது. முந்தி அங்கால ஒரு ஊரில ஆரோ கந்தோர் ஐயா ஒராள் உதை மூடிப்போட்டு, ஒரு வள்ளத்து மீனையும் அவிச்சுப் போட்டாராம்."

கையை எடுத்தேன். "பிறகு?" என்று கேட்டேன்.

"பிறகென்ன, அவர்தான் எல்லாத்தையும் உடைச்சு ஒழுங்காக் கட்டிக் குடுத்தவராம். பாவம், நல்ல மனிசனாம். அவிஞ்ச மீனையும் சாப்பிட்டுட்டுத்தான் போனவராம்."

"ஓம் பிள்ளை" என்றேன். "உப்புத்தான் கொஞ்சம் கூடிப்போச்சு."

கையில் கத்தியோடு அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "அம்மா, ஒருக்கா வெளிய வாங்கோ" என்று கூப்பிட்டாள்.